அக்கா விட்டுப்போன கிடா

பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போன வருஷங்களில் எனக்குத் துணையென்று இருந்தது ஒரு ஆட்டுக் கிடா. சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம். அந்தக் காலத்தில் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் மனுஷரை நம்பித் துணை வைத்துக்கொள்ள வழியில்லை. இன்றைக்குப் பக்கத்து வீட்டில் சம்பல் இடிக்கிற சத்தம் கேட்கும், அடுத்த மாதம் அந்தக் கதவில் பூட்டுத் தொங்கும். பாஸ்போர்ட் வந்தவர்கள் எல்லாம் இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் தோட்டம் யட்டவத்தைக்கு மேலே, மலைச்சரிவில் இருந்தது. கொக்கோ, ரப்பர், ஓரங்களில் கொஞ்சம் மிளகு. வேலைக்குப் போகிற தாய்மார் காலையில் கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும் நீளமான தகரக்கூரை அறைக்குத்தான் பிள்ளைக்காம்பரா என்று பெயர். எட்டாம் வகுப்புவரை படித்தவள், கல்யாணம் ஆகாதவள் என்று அந்த வேலையை எனக்குத் தந்திருந்தார்கள். ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்கள் அச்சில் ஏறாது. தோட்டத்தில் எனக்கு வாய்க்காரி என்று பட்டம். அது பொய்யென்று நான் சண்டைக்குப் போனதில்லை.

அக்காவும் அத்தானும் அவர்களுடைய ஒரே மகளும் லயத்து வரிசை வீடுகளில் எனக்கு அடுத்த காம்பராவில் இருந்தார்கள். இந்தியாவா இலங்கையா என்று எழுதிப்போடச் சொல்லி அரசாங்கம் கேட்டிருந்தது. அப்பா உயிரோடு இருந்தபோது தனக்கும் எனக்கும் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டார். அத்தான் தன் குடும்பத்துக்கு இந்தியாவுக்கு எழுதிப்போட்டார். அக்காவையோ என்னையோ யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா எழுதிய பக்கம் நான், அத்தான் எழுதிய பக்கம் அக்கா. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேர் இப்படித்தான் இரண்டு தேசத்துக்காரர்கள் ஆனோம்.

அக்கா மகள் நடக்கத் தொடங்கிய வயசில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. இசிவு கண்டு, கண் மேலே சொருகிவிட்டது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். தோட்டத்து லொறி வேறெங்கோ போயிருந்தது. அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முனியாண்டி கோயிலுக்கு ஓடினாள். கோயில் என்றால் ஒரு பெரிய ஆலமரம், அதன் அடியில் ஒரு சூலம், அவ்வளவுதான். "புள்ளய மட்டும் குடுத்துரு சாமி, ஒனக்குக் கெடா வெட்டுறேன்" என்று மண்ணில் விழுந்தாள். அன்று சாயங்காலம் பிள்ளை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டது. அடுத்த வாரமே அத்தான் ஒரு கறுப்பு ஆட்டுக்குட்டி வாங்கிவந்து, கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டி, சாமிக்கென்று நேர்ந்துவிட்டார்.

நேர்ந்துவிட்ட கிடாவுக்கு இருக்கிற மரியாதை எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் கிடையாது. அதைக் கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, விற்கக்கூடாது, காயடிக்கக்கூடாது. உடம்பில் ஒரு காயம் இருந்தாலும் சாமிக்கு ஆகாது. அது யார் வீட்டுக் கீரைப்பாத்தியில் நுழைந்தாலும் "போ சாமி, போ சாமி" என்று கும்பிட்டுத்தான் விரட்டவேண்டும். பெயரும் வைக்கக்கூடாது என்பார்கள். பெயர் வைத்தால் பாசம் வந்துவிடுமாம். நான் பெயர் வைக்கவில்லை, "டேய்" என்று கூப்பிட்டேன். பாசம் அதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை.

மாசித் திருவிழாவுக்கு வெட்டலாம் என்று இருந்தார்கள். அதற்கு முன்னமே பாஸ்போர்ட் வந்துவிட்டது. அத்தான் பூசாரியிடம் போய், குட்டியை இப்போதே வெட்டிவிடலாமா என்று கேட்டார். "பாலு மறக்காத குட்டிய சாமி ஏத்துக்காது. வளரட்டும்" என்று பூசாரி சொல்லிவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டாமா? கப்பல் காத்திருக்குமா, குட்டி வளரும் வரைக்கும்?

மாத்தளை ஸ்டேஷனுக்குப் போக லொறி வந்த அன்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை. அழுகைக்கு நடுவிலும் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் நினைவு. "என் பேரச் சொல்லி நீயே வெட்டிரு தங்கச்சி. கடன வச்சிட்டுப் போறேன். குடுக்காட்டி முனி புள்ளயத் திருப்பிக் கேட்டுரும்" என்றாள். "சரிக்கா, வெட்டிர்றேன், நீ போ" என்றேன். அக்கா மகள் லொறியின் பலகைமேல் நின்று எனக்குக் கை காட்டவில்லை, குட்டிக்குத்தான் கை காட்டினாள். குட்டி லொறிக்குப் பின்னால் வளைவுவரைக்கும் ஓடிவிட்டு, வழியில் பசும்புல்லைக் கண்டு நின்றுவிட்டது.

அன்று லயத்துக்குத் திரும்பியபோது அடுத்த காம்பராவில் சத்தமே இல்லை. சுவரின் மேற்பக்கம் திறந்த லயம் அது. இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும், முனகினாலும் கேட்கும். அத்தனை வருஷமும் அக்காவின் சத்தத்தைத் திட்டிக்கொண்டே இருந்தவள் நான். அன்றைக்கு ஒரு சட்டியாவது விழாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். குட்டி மட்டும் அக்கா வீட்டு வாசலில் படுத்து, பூட்டிய கதவை முட்டிக்கொண்டிருந்தது. என்னால் தாங்கமுடியவில்லை. கூப்பிட்டு என் வாசலில் படுக்கவைத்தேன்.

அதற்கு அடுத்து வந்த மாசியில் திருவிழா நடக்கவில்லை. அது பஞ்ச காலம். மாவும் கிடையாது, அரிசியும் கிடையாது. ஆட்கள் காட்டுக்கிழங்கு தோண்டித் தின்றார்கள். பலாக்காய் கண்ட இடமெல்லாம் சண்டை. பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளுக்குத் தேயிலைச் சாயமும் ஒரு துண்டு கிழங்கும்தான் கொடுத்தேன். அந்தக் காலத்திலும் கிடா லயத்துக்கு நடுவில் நிமிர்ந்து நடந்து திரிந்தது. பசியில் கண் இருட்டிப்போனவர்கள்கூட அதைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர்கூடக் கை வைக்கவில்லை. எங்கள் ஆட்களை நான் எதற்கெல்லாமோ திட்டியிருக்கிறேன், அந்த ஒரு விஷயத்துக்காக இன்றைக்கும் கும்பிடுவேன்.

கிடா வளர்ந்தது. கொம்பு வளைந்து, தாடி தொங்கி, தோட்டத்துப் பெரிய தொரையைவிட மிடுக்காக நடந்தது. காயடிக்காத கிடா, நாற்றம் சொல்லி முடியாது. பிள்ளைக்காம்பரா வாசலில்தான் அது பகல் முழுக்கப் படுத்திருக்கும். மிச்சமிருந்த தாய்மார் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயே, என் புள்ள மேல எல்லாம் கெடா வாட அடிக்குது. ஒண்ணு அதக் குளிப்பாட்டு, இல்லாட்டி நீ வேற எடம் பாரு" என்று என்னோடு மல்லுக்கு நின்றார்கள். எனக்கு வேறு இடம் எங்கே இருந்தது? குளிப்பாட்டத் தொடங்கினேன்.

லயத்துக்கு மேலே, கொக்கோ மரங்களுக்குள் ஒரு ஊற்று. மூங்கிலைப் பிளந்து வைத்துத் தண்ணீரை விழவைத்திருந்தோம். பீலி என்போம். பிள்ளைகளைத் தாய்மார் கொண்டுபோன பிறகு, வெயில் சாய்கிற நேரத்தில் கிடாவை அங்கே கூட்டிப்போவேன். முதல் நாள் ஒரு டின் தண்ணீரை ஊற்றியதும் அது என்னையே முட்டித் தள்ளிவிட்டு ஓடியது. பலா இலையைக் காட்டிக் கூப்பிட்டேன். பலா இலை என்றால் அதற்கு உயிர். நாலைந்து தடவைக்குள் பழகிவிட்டது. நெற்றியில் கையை வைத்து, "ம்ம், நில்லுடா" என்று சொல்லித் தண்ணீரை ஊற்றுவேன். கொம்பிலிருந்து வால்வரைக்கும் படபடவென்று ஒரு உலுக்கு உலுக்கி, என்னையும் நனைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருக்கிற இலையைத் தேடி மூக்கை நீட்டும்.

நான் சிரிப்பேன். அந்த நாட்களில் நான் சிரித்த ஒரே நேரம் அதுதான். திட்டவும் செய்வேன். "எருமைமாடு, எம்மேலயா ஒதறுற" என்று தலையில் தட்டுவேன். அது இலையை மென்றுகொண்டே என்னைப் பார்க்கும். நாள் முழுக்க மனசில் சேர்ந்ததையெல்லாம் அதனிடம்தான் கொட்டினேன். இன்றைக்கு எந்தக் காம்பரா பூட்டினார்கள், எந்தப் பிள்ளை கடைசியாக எனக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போனது, எல்லாம். தண்ணீருக்கு வருகிற பெண்கள் அதை அன்பாகப் பார்த்து, "பாவம், ஈரத்துல குளுருமே" என்பார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். எந்தத் திருவிழாவுக்கு வெட்டப்போகிறார்கள் என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும்.

இரண்டாம் மாசி வந்தது. திருவிழாவும் நடந்தது. நல்ல வேளையாக அதற்கு முந்தின வாரம் கிடாவின் முன்னங்காலில் வேலிக்கம்பி கிழித்திருந்தது. பூசாரியைக் கூட்டிவந்து காயத்தைக் காட்டினேன். "ஊனம் இருக்கு, ஆகாது" என்று போய்விட்டார். அந்தக் காயத்துக்கு நான் மஞ்சள் பூசிய பக்குவத்தைப் பார்த்திருந்தால் பெற்ற தாய்க்கே பொறாமை வந்திருக்கும். அதே சமயம் நெஞ்சுக்குள் ஒரு பயமும் இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண் இந்தக் கிடாவின் கழுத்துக்குப் பதிலாக உயிரோடு இருக்கிறாள். ஒரு வருஷம் தள்ளிப்போட்டால் முனி பொறுக்குமா? இரண்டு வருஷம்? சாமி இல்லை என்று சொல்கிற துணிச்சல் எனக்கு இல்லை. அக்கா மகள் என் மடியில் வளர்ந்தவள்.

அந்த வருஷத்தில்தான் தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது. வெள்ளைக்காரக் கம்பெனியின் ஆள் போனார், புதுத் தொரை வந்தார். வந்த வேகத்தில் மேல்மலையைச் சுத்தமாக வெட்டி மிளகு போடும்படி உத்தரவு. கொக்கோவுக்கு நிழலாக நின்ற மரங்கள், ஒருவர் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். மாதக்கணக்கில் வெட்டினார்கள். பலகை லொறிகள் டவுனுக்குப் போய்க்கொண்டே இருந்தன. ஒரு மரம் விழுந்தபோது அதன் உச்சியில் இருந்த மர அணிலின் கூடும் விழுந்தது. பூனை அளவு பெரிய அணில். அடுத்த மரத்துக்குத் தாவப் பார்த்தது. அடுத்த மரமும் தரையில் கிடந்தது. விழுந்த மரத்தின்மேல் முன்னும் பின்னுமாக ஓடியதே தவிர, அதற்குப் போகத் தெரியவில்லை. வெட்டியவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கு லயத்தின் பூட்டிய கதவுகள் ஞாபகம் வந்தன. அன்றைக்கு நான் அவர்களைத் திட்டக்கூட இல்லை.

மரம் போனதும் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. குரங்குகள் பிள்ளைக்காம்பராவின் தகரத்தில் குதித்துப் பிள்ளைகளின் ரொட்டியைப் பிடுங்கின. பன்றிகள் கிழங்குப் பாத்தியைக் கிளறின. பீலியில் தண்ணீர் சுண்டுவிரல் பருமனுக்குக் குறைந்தது, மழை பெய்தால் செம்மண்ணாக வந்தது. ஒரு டின் நிறைவதற்குள் ஒரு வெற்றிலை போட்டுத் துப்பிவிடலாம். எல்லாரும் குரங்கைத் திட்டினார்கள், பன்றியைத் திட்டினார்கள். மரம் வெட்டச் சொன்னவரை ஒருவரும் திட்டவில்லை. அவர் பங்களாவில் இருந்தார், குரங்கு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

கிடாவுக்கும் மேய்ச்சல் போயிற்று. அதுவரை கொக்கோ நிழலில் முளைக்கும் செடிகொடிகளைத் தின்று திரிந்தது. இப்போது மேலே வெறும் மண். அது வேறென்ன செய்யும்? மிளகுக் கன்றுகள் வைத்திருந்த நேர்சரிக்குள் புகுந்துவிட்டது. பொத்தி வளர்த்த கொடிகளில் ஒரு பாத்தியை முழுக்கத் தின்று முடித்துவிட்டு, பந்தலின் நிழலிலேயே படுத்து அசைபோட்டது.

கண்டக்டர் ஐயா வந்தார். தோட்டத்தில் தொரைக்கு அடுத்த அதிகாரி அவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. கையில் தடி வைத்திருந்தார், ஆனால் கிடாவின் பக்கத்தில் போகவில்லை.

"பிள்ளை, உந்த ஆட்டைக் கட்டி வைக்கச் சொல்லி நான் எத்தினை தரம் சொன்னனான்?" என்றார்.

"அது நேந்துவிட்டது ஐயா. கட்டக்கூடாது. வேணும்னா நீங்க கட்டுங்க" என்றேன்.

அவர் இரண்டடி பின்னால் போனார். "எனக்கென்னத்துக்கு உந்த வில்லங்கம்? நானும் பிள்ளைகுட்டிக்காரன். ஆனால் தொரை துவக்காலை வெடி வைக்கச் சொல்லிப்போட்டார். ஒண்டில் வெட்டுங்கோ, ஒண்டில் கட்டுங்கோ. வாற மாசிக்குப் பிறகு என்னாலை மறிக்கேலாது" என்றார்.

அவர் நல்ல மனுஷர்தான். இருந்தாலும் எனக்கு வந்த கோபத்தில், "மலைய மொட்டையடிச்சவங்களுக்கு ஒரு வெடி இல்லையா ஐயா?" என்று கேட்டுவிட்டேன். அவர் காதில் விழாத மாதிரி குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து நான் பலா இலையும் முருங்கைக் கொப்பும் ஒடித்துக் கட்டுக்கட்டாகச் சுமந்துவந்து அதன் வாயில் கொடுத்தேன். பிள்ளைக்காம்பராவையும் கூட்டி, பிள்ளைகளையும் பார்த்து, இதற்கும் சுமந்தேன். இடுப்பு ஒடிந்தது. ஆனாலும் சாயங்காலம் பீலியடிக்குப் போவதை விடவில்லை.

தை மாதத்தில் அடுத்த தோட்டத்துக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கோத்தகிரிக்குப் போய்விட்ட தன் தங்கையைப் பார்க்கக் கப்பலேறிப் போய்த் திரும்பியிருந்தார். அக்காவும் அங்கேதான் கூலிவேலையில் இருக்கிறாளாம். எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உட்காரச் சொல்லித் தேத்தண்ணி ஊற்றினேன். அவர் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒங்க அக்கா பொண்ணுக்கு மறுபடியும் காச்சலும்மா. அதே மாதிரி இழுக்குது. ஒங்க அக்கா என் கையப் புடிச்சிக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. தங்கச்சி கெடா வெட்டிருச்சான்னு கேட்டுட்டு வாங்கண்ணேன்னாங்க."

கிடா அப்போது வாசலில்தான் படுத்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், கழுத்தில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்க்காமல் தேத்தண்ணியைக் குடித்தார். நான் என்ன பதில் சொல்லி அனுப்பினேன் என்று நினைவில்லை. அவர் போனபிறகு வாசலில் உட்கார்ந்து, கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். நாற்றமாவது ஒன்றாவது.

ஆனால் நான் வாய்க்காரி மட்டுமல்ல, கணக்குப் போடுகிறவளும்கூட. எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. கிடாவைச் சாமி முன்னால் நிறுத்தி, மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்கள். அது உடம்பைத் துலுக்கினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். துலுக்காத கிடாவை வெட்டக்கூடாது. மூன்று தரம் ஊற்றியும் துலுக்காவிட்டால், சாமிக்கு வேண்டாம் என்று அவிழ்த்து விட்டுவிடுவார்கள். காணிக்கையும் தீர்ந்தது, கிடாவும் பிழைத்தது. அப்படித் திரும்பி வந்த கிடாக்களை நான் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். தப்பும் உறுமியும் குலவையும் சேர்ந்து போடுகிற சத்தத்தில் ஆடுகள் விறைத்துப்போய்க் கல்லாக நின்றுவிடும்.

என் கிடாவோ சத்தத்துக்குப் பயந்த பிறவி. தகரத்தில் குரங்கு குதித்தாலே என் சேலைக்குப் பின்னால் ஒளியும். அன்றைக்கும் விறைத்து நிற்கும், துலுக்காது. நான் அக்காவின் கடனைச் சாமியின் வாசல்வரை கொண்டுபோய்க் கொடுத்தவள் ஆவேன். வேண்டாம் என்று சொல்வது சாமியின் பாடு. பிள்ளையும் பிழைக்கும், இதுவும் என்னோடு திரும்பி வரும். இப்படி நினைத்ததும் எனக்கு மூச்சு வந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். திரும்பி வருகிற வழியில் கொடுக்கலாம் என்று, திருவிழா அன்று கொழுந்தாக ஒரு பலா இலையைப் பறித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மிச்சமிருந்த தோட்டமே ஆலமரத்தடியில் கூடியிருந்தது. மேல்மலையில் நின்ற மரங்களில் சாமி மரம் ஒன்றை மட்டும்தான் வெட்டவில்லை. தப்பு முழங்கியது. நான் கணக்குப் போட்டது போலவே கிடா நடுங்கிப்போய், கால்களை ஊன்றிக்கொண்டு நின்றது. பூசாரி அக்காவின் பெயரைச் சொல்லி, செம்பிலிருந்து முதல் தண்ணீரை ஊற்றினார். கிடா அசையவில்லை. இரண்டாம் தரம் ஊற்றினார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியதே தவிர, உடம்பில் ஒரு மயிர்கூட ஆடவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. இன்னும் ஒரே ஒரு தரம், அப்புறம் வீட்டுக்குப் போய்விடலாம்டா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பூசாரி தப்பை நிறுத்தச் சொன்னார். சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நேந்தவ இங்க இல்ல. அதான் சாமி தயங்குது. கூடப் பொறந்தவ நீதானே? நீ வந்து ஒங் கையால ஊத்து."

செம்பை என் கையில் கொடுத்தார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. முடியாது என்று எப்படிச் சொல்வது? அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோத்தகிரியில் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல். நான் கிடாவின் நெற்றியில் கை வைக்கவில்லை. "ம்ம்" என்றும் சொல்லவில்லை. முகத்தைக்கூட வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, செம்பைச் சாய்த்தேன்.

அது என்னைத் தெரிந்துகொண்டது. தப்புச் சத்தமும் இல்லை, என் வாசம் பக்கத்தில், தண்ணீர் நெற்றியில். கொம்பிலிருந்து வால்வரைக்கும் படபடவென்று துலுக்கியது. எந்த ஆடும் அப்படித் துலுக்கி நான் பார்த்ததில்லை. என் முகமெல்லாம் மஞ்சள் தண்ணீர். "உத்தரவு குடுத்துட்டாரு!" என்று கூட்டம் கத்தியது, பெண்கள் குலவையிட்டார்கள். கிடா அதையெல்லாம் கவனிக்கவில்லை. மூக்கை நீட்டி என் இடுப்பில் இலையைத் தேடியது. இலை இருந்தது. நான் அதை உருவுவதற்குள் கிடாவை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கறி எனக்கு வேண்டாம் என்றேன். யாரும் வற்புறுத்தவில்லை. வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் ஆனதும் கால்கள் தானாகவே பீலியடிக்குப் போயின. நூல் மாதிரி விழுந்த தண்ணீரில் முகத்து மஞ்சளைக் கழுவினேன். இலை இடுப்பிலேயே வாடிப்போயிருந்தது. திட்டுவதற்கும் அங்கே யாரும் இல்லை. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்கா மகள் பிழைத்தாளா என்று தெரியவில்லை. செய்தி கொண்டுவந்தவர் மறுபடி கப்பலேறவில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் நாங்கள் லயத்தை விட்டு உடுத்த துணியோடு ஓடினோம். பிறகு கப்பலே நின்றது. அலுவிகாரைப் பக்கம் ஒரு அறை எடுத்து, வீடுகளில் பிள்ளை பார்த்து வயிறு கழுவினேன். அக்கா இருந்த இடமும் மாறியிருக்கும், நான் இருந்த இடமும் மாறிவிட்டது. யார் யாரைத் தேடுவது? கிடாவைக் கொடுத்தேனே, அதற்குப் பலன் உண்டா இல்லையா என்று தெரியாமலே தலை நரைத்துவிட்டது.

யுத்தம் முடிந்த வருஷம் ஒருநாள் போன் வந்தது. யார் யாரையோ விசாரித்து நம்பரைப் பிடித்திருக்கிறாள். "சித்தி" என்றது ஒரு கனத்த பொம்பளைக் குரல். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இருக்கிறாள்! வயசுக்கு வந்த மகள் இருக்கிறாளாம். அக்கா போய்ச் சேர்ந்து ரொம்ப காலமாம். நாங்கள் இரண்டு பேரும் அழுதோம், சிரித்தோம், மறுபடி அழுதோம்.

"நீங்க அன்னைக்குக் கெடா வெட்டுனதாலதான் நான் இருக்கேன்னு அம்மா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு சித்தி" என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அது நல்லா துலுக்குச்சா?" என்று கேட்டாள். எல்லாரும் கேட்கிற கேள்விதான். நல்லபடி துலுக்கினால் சாமி மனசோடு ஏற்றுக்கொண்டதாக அர்த்தம்.

"துலுக்குச்சுடி. நான் ஊத்துன ஒடனே துலுக்குச்சு" என்றேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காசு போகும், வை என்று சொல்லிப் போனை வைத்தேன்.